ஒன்பதாவது பெயர்

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி
1933 பிப்ரவரி 6, திங்கள்

தங்கை ஆனந்தமேரிக்கு,

அண்ணன் லூர்துநாதன் எழுதுவது. எட்டு வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாரோ தவறிவிட்டதாக நினைத்துப் பயந்துவிடாதே. அப்படி ஒன்றும் இல்லை. குருசுக்குப்பத்துக் கன்னியம்மாளின் மகளுக்குக் காரைக்காலில் நீதான் பிரசவம் பார்த்தாயாம். அவள்தான் உன் விலாசம் கொடுத்தாள். "உங்க தங்கச்சி கை பட்டா வலியே தெரியலன்னு எம்பொண்ணு சொல்லுது" என்றாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

இதை மூன்று தடவை வேறு வேறு விதமாக ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். இனி நேராகவே எழுதிவிடுகிறேன். என் சைக்கிள் கடை முழுகிப் போய்விட்டது.

மில் தொழிலாளிகளுக்கு மாதத் தவணையில் வண்டி கொடுத்து வந்தேன். போன வருஷம் மில்லில் பாதி நாள்தான் வேலை என்றார்கள். பிறகு ஆளைக் குறைத்தார்கள். தவணை நின்றது. கொடுத்த வண்டியைத் திரும்ப எடுக்கப் போனால், ஒருவன் அதில்தான் லாஸ்பேட்டைப் பக்கமிருந்து விறகு கட்டி வந்து விற்றுப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறான். எடுக்க மனசு வரவில்லை. எனக்குச் சரக்குக் கொடுத்தவர்களுக்கு அந்த மனசு இல்லை. மொத்தம் மூவாயிரத்து இருநூறு ரூபாய்க் கடன். சனிக்கிழமை காலை கோர்ட்டு அமீனாவான உய்சியே கடை வாசலில் நின்று, தெருவே கேட்க என் பெயரைப் படித்து, ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். டயர் வியாபாரி இராமதாஸ் போட்ட வழக்கு.

பதினைந்து நாளுக்குள் உள்ள சொத்தையும் கடனையும் ஒன்று விடாமல் எழுதி நானே கோர்ட்டில் வைத்துவிட்டால், கடன்காரர்களோடு தவணை பேசிக் கடையைக் காப்பாற்ற வழி உண்டாம். அந்தக் கணக்குக்குப் பிலான் என்று பெயர். நாள் தவறினால் ஏலம். அதோடு திவாலானவன் என்ற பெயர் சாகும்வரை போகாது.

பிலான் எழுத வக்கீல் வேண்டும். மூன்று பேரைப் பார்த்துவிட்டேன். முதல் ஆள் என்னை உட்காரச் சொல்லவே இல்லை. "இராமதாஸ் போன வாரமே வந்துட்டாரு. நான் அவருக்குத்தான்" என்றார். இரண்டாவது ஆள் நூற்றைம்பது ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசச் சொன்னார். அது இருந்தால் நான் ஏன் அவரிடம் போகிறேன்? மூன்றாவது ஆள் நேற்று அவராகவே வீடு தேடி வந்தார். வீட்டைக் கடலூர் மச்சான் பெயருக்கு மாற்றி, பழைய தேதி போட்டு எழுதிவிடலாம் என்றார். "ஒரே நாள்ல முடிச்சிடலாம், யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். பொய் சொல்ல மாட்டேன், நான் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

உன் அண்ணி புஷ்பமேரி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடலூருக்குத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கோர்ட்டு ஆட்கள் கடைக்கு அரக்கு முத்திரை வைக்கிறதைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்றாள். வீட்டில் நான் ஒருவன்தான். கஞ்சி வைக்கக்கூடத் தெரியவில்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் அந்தப் பக்கம் மாறிப் போகிறார்கள்.

நீ இங்கே பயிற்சியில் இருந்தபோது பிரசவம் பார்க்கப் பெரிய வீடுகளின் உள்ளறை வரைக்கும் போய் வந்தவள். எந்த வக்கீல் யோக்கியன் என்று உனக்குத் தெரிந்திருக்கலாம். ஒரே ஒரு பெயர் எழுதினால் போதும். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைப்பாய். இருந்தும் கேட்கிறேன்.

உன் அண்ணன்
லூர்துநாதன்

•

காரைக்கால்
1933 பிப்ரவரி 8

லூர்துநாதன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அன்வருதீன் என்று ஒரு வக்கீல் இருக்கிறார். பள்ளிவாசலுக்குப் பின் தெருவில், அத்தர்க் கடைக்கு மாடியில் அறை. பலகை சின்னது, எழுத்தும் உதிர்ந்திருக்கும். தேடித்தான் பார்க்க வேண்டும். காலை எட்டிலிருந்து பத்து வரை இருப்பார்.

போனதும் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, உங்கள் கடன்காரர்களில் யாருக்காவது அவர் வக்கீலா என்பது. அடுத்தது, இதற்குமுன் பிலான் எழுதியிருக்கிறாரா, எத்தனை, அவை எப்படி முடிந்தன என்பது. கூலி எவ்வளவு, எப்போது என்பதை அன்றைக்கே பேசிவிடுங்கள். அவர் கோபப்பட மாட்டார். கேட்காதவர்களிடம்தான் கோபப்படுவார். வீட்டில் உள்ள எல்லாக் காகிதத்தையும் எடுத்துப் போங்கள். வெளியே காட்ட வெட்கப்படுகிற காகிதங்களை மேலே வையுங்கள்.

வீட்டை மாற்றி எழுதலாம் என்று சொன்னவர் மறுபடி வந்தால் கதவைத் திறக்க வேண்டாம். அது வெளிவந்தால் சிறை.

என் பெயரை வக்கீலிடம் சொல்ல வேண்டாம். இதற்குப் பதிலும் எழுத வேண்டாம்.

ஆனந்தமேரி

•

புதுச்சேரி
1933 பிப்ரவரி 12, ஞாயிறு

தங்கைக்கு,

பதில் எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் பேச ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன். படிக்காமல் போட்டாலும் சரி.

நேற்றுக் காலை வக்கீல் சாயபுவைப் போய்ப் பார்த்தேன். நீ சொன்ன கேள்விகளைச் சீட்டில் எழுதி வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "யாரோ நல்லாச் சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றார். பதினொரு பிலான் எழுதியிருக்கிறாராம். ஏழு கடை தப்பித்தது, நான்கு தப்பவில்லை. "தப்பாத நாலையும் சேத்துச் சொன்னாத்தான் அது பதில்" என்றார். கூலி முப்பது ரூபாய், பாதி இப்போது, மீதி முடிந்தபின். என் கைக்கடிகாரத்தை விற்றுப் பாதியைக் கொடுத்துவிட்டேன்.

என் முழுப் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கடன்காரர்கள் பட்டியல் எழுதினோம். பட்டணத்து சைக்கிள் கம்பெனி, இராமதாஸ், கட்டட வாடகை, மெக்கானிக் கன்னியப்பனுக்கு மூன்று மாதச் சம்பளம், இப்படி எட்டுப் பேர். "வேற யாருக்காவது குடுக்கணுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். காகிதங்களை அடுக்கிக் கட்டிவிட்டு, நான் எழுந்த பிறகு மறுபடியும் கேட்டார். "காகிதம் இல்லாத கடனும் கடன்தாங்க. ஒண்ணை மறைச்சி எழுதுனா மத்ததெல்லாம் பொய்யாயிடும். நல்லா யோசிச்சிட்டு வாங்க. வர்ற சனிக்கிழமை வரைக்கும் நாள் இருக்குது."

மாடிப்படி இறங்கும்போது கால் நடுங்கியது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் இருக்கும்.

உனக்கு அங்கே உடம்புக்கு எப்படி இருக்கிறது? சமையல் நீயே செய்துகொள்கிறாயா?

லூர்துநாதன்

•

காரைக்கால்
1933 பிப்ரவரி 15

அண்ணனுக்கு,

உங்கள் கால் எதற்கு நடுங்கியது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பசி என்று எனக்கு எழுத வேண்டாம்.

அந்த வக்கீலை எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அவர் வீட்டில் நான் பிரசவம் பார்த்ததில்லை. 1925-ல், மாதா கோவில் சுவாமியார் அறையிலிருந்து வெளியே வந்த மறுநாள், அவருடைய மாடிப்படியைத்தான் ஏறினேன். உங்கள்மேல் வழக்குப் போட.

அன்று நடந்தது உங்களுக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். அம்மா சாகும்போது என் கையில் கொடுத்த நகை பன்னிரண்டு சவரன். கடை திறக்க வேண்டும், ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறேன் என்று கேட்டீர்கள். கொடுத்தேன். காகிதம் கேட்கத் தோன்றவில்லை. அண்ணனிடம் யார் காகிதம் கேட்பார்கள்? கோவிலில் எனக்குக் கலியாண ஓலை மூன்றும் வாசித்து முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் நகை எங்கே என்றார்கள். சுவாமியார் நம் இருவரையும் கூப்பிட்டு விசாரித்தார். "அவ எங்கிட்ட எதையும் குடுக்கல சாமி. என்ன பண்ணாளோ தெரியல" என்றீர்கள். என்ன செய்தாளோ. அந்த ஒரு வார்த்தையில் ஊர் எத்தனை கதை கட்டியது என்று உங்களுக்குத் தெரியும். கலியாணம் நின்றது. இருபத்திரண்டு வயதில் நான் இங்கே வேலை கேட்டு வந்தேன்.

வக்கீல் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "நீ சொல்றத நான் நம்பறேம்மா. ஆனா கோர்ட்டு நம்பாது, காகிதம் இல்ல. இருக்கிற காசையும் இதுல போட்டு அழிச்சிக்காத. பயிற்சிய முடிச்சிக்கிட்டு உன் காலுல நில்லு" என்றார். ஒரு காசு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம், என்னிடம் முப்பது ரூபாய் இருந்தது. வழக்கு வேண்டாம் என்று சொல்லி வருமானத்தை விட்ட வக்கீலை நான் வேறே பார்த்ததில்லை. அதனால்தான் அவர் பெயரை எழுதினேன்.

அவர் உங்களை இரண்டு தடவை ஏன் கேட்டார் என்று இப்போது புரிகிறதா?

எனக்குப் பணம் வரும் என்று இதை எழுதவில்லை. எழுதுவதும் விடுவதும் உங்கள் பாடு.

ஆனந்தமேரி

•

புதுச்சேரி
1933 பிப்ரவரி 19, ஞாயிறு

தங்கைக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று முழுவதும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. நேற்று எட்டு மணிக்கு முன்பே அத்தர்க் கடை வாசலில் நின்றேன்.

"இன்னொரு பேர் இருக்குதுங்க" என்றேன். அவர் பட்டியலை எடுத்து, பேனாவை மையில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். நான் சொல்ல அவர் எழுதினார். ஒன்பதாவது: ஆனந்தமேரி, மருத்துவச்சி, காரைக்கால். தங்க நகை பன்னிரண்டு சவரன், அன்றைய விலைக்கு ரூபாய் நூற்று அறுபது. பத்திரம் இல்லை.

எழுதி முடித்துவிட்டு எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். திரும்பி வந்து, "கையெழுத்துப் போடுங்க, நேரமாவுது" என்றார். அவ்வளவுதான். பதினொரு மணிக்குக் கோர்ட்டில் வைத்தோம். வழக்கு முடியும்வரை எதையும் எடுக்காதபடி மூன்று மணிக்குக் கடைக்கு முத்திரை வைத்தார்கள். கன்னியப்பன் தன் ஸ்பானர்களைக் கேட்டான். அவையும் உள்ளே போய்விட்டன. அவன் அழுதான். நான் அழவில்லை.

அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. நகையை விற்றுப் பத்து வண்டி வாங்கியிருந்தேன். இரண்டுதான் விற்றிருந்தது. இன்னும் மூன்று மாதம் கேட்கலாம் என்றுதான் சுவாமியார் அறைக்குள் வந்தேன். அங்கே மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்ததும், தங்கை நகையை விற்றுத் தின்றவன் என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்தேன். வாய் தானாக இல்லை என்றது. மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

மன்னிப்புக் கேட்கப் பயமாக இருக்கிறது. அதனால் கேட்காமல் முடிக்கிறேன்.

லூர்துநாதன்

•

காரைக்கால்
1933 மார்ச் 18

அண்ணனுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதமாகக் காகிதம் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்று இரண்டு தபால் வந்தது.

ஒன்று கோர்ட்டிலிருந்து. ஏப்ரல் ஐந்தாம் தேதி கடன்காரர்கள் கூட்டத்துக்கு வரச் சொல்லி. கடன் கொடுத்தவர் என்று போட்டு அதன்கீழ் என் பெயர் இருந்தது. பிரெஞ்சில் அச்சடித்த காகிதம். பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான்கைந்து தடவை படித்தேன். உள்ளே கூப்பிட்டது காதில் விழவில்லை. எட்டு வருஷம் நான் சொன்னதை ஒரு காகிதம் முதல்முதலாக ஆமாம் என்றது.

மற்றது இராமதாஸின் வக்கீல் எழுதியது. என் கடன் பொய்க் கடன் என்றும், கூட்டத்தில் உங்கள் பக்கம் ஓட்டுத் தலைக்கணக்கைக் கூட்டுவதற்காக அண்ணனும் தங்கையும் சேர்ந்து கட்டியது என்றும், நான் கூட்டத்துக்கு வந்தால் வழக்குப் போடுவோம் என்றும் எழுதியிருக்கிறார்.

அதைப் படித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மறைக்காமல் கேட்கிறேன். ஒரு தலை குறைந்தது என்றுதான் என் பெயரை எழுதினீர்களா? அன்று இல்லை என்றதால் உங்களுக்கு லாபம். இன்று உண்டு என்பதாலும் உங்களுக்குத்தான் லாபமா?

இங்கே என்னை எல்லாரும் மருத்துவச்சியம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில், ஓர் அடுப்பு. வருஷத்துக்கு இருநூறு குழந்தைகளை மற்றவர்கள் கையில் கொடுத்துவிட்டு அந்த அறைக்கு வருகிறேன். உங்களை வெறுத்துக்கொண்டு இருப்பது எனக்குப் பழகிப்போய்விட்டது. அதையும் ஏமாற்றி வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஆனந்தமேரி

•

புதுச்சேரி
1933 மார்ச் 23

தங்கைக்கு,

நீ கேட்டதில் தவறில்லை. நானும் கேட்டிருப்பேன்.

உன் பெயரை எழுதிய அன்று எனக்குத் தலைக்கணக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு வாரம் கழித்துத்தான் வக்கீல் சாயபு சொன்னார். ரூபாய்க்கு எட்டணா வீதம் நான்கு வருஷத்தில் கொடுக்கிறேன், கடையை விடுங்கள் என்று நான் கேட்கிறேன். கடன்காரர்களில் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். பட்டணத்துக் கம்பெனியும், வாடகைக்காரரும், கன்னியப்பனும், வேறு ஒருவரும் சரி என்கிறார்கள். இராமதாஸ் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஏலம்தான் வேண்டும் என்கிறார். நாலுக்கு நாலு. உன்னைச் சேர்த்தால்தான் ஐந்து. இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

நம்ப வைக்க என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அன்று நீயும் இப்படித்தான் நின்றாய்.

உன் கடன் மெய் என்று காட்ட ஒரே வழிதான் இருக்கிறது. நான் கோர்ட்டில் நின்று, 1925-ல் சுவாமியார் முன்னால் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அந்தச் சுவாமியார் இப்போது இல்லை, பிரான்சுக்குப் போய்விட்டார். நீ அப்போதே வக்கீல் சாயபுவிடம் வந்தாயே, அதை அவர் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். "ஒருத்தர் நம்பிச் சொன்னத இன்னொருத்தர் வழக்குக்கு எடுக்க மாட்டேன்" என்றார். "நீங்க சொன்னாச் சொல்லுங்க. ஆனா அன்னைக்குப் பொய் சொன்னவன் இன்னைக்கு மட்டும் நெசமா சொல்லுவான்னு கேப்பாங்க. ஊரே உக்காந்து கேக்கும். தாங்குவீங்களா?" என்றார்.

தெரியவில்லை என்றேன்.

நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் சொல்லப் போகிறேன். வந்தால் ஏலம் வேண்டும் என்று கைதூக்கக்கூட உனக்கு உரிமை உண்டு. அதற்காக ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

லூர்துநாதன்

•

புதுச்சேரி
1933 ஏப்ரல் 6

ஆனந்தம்,

ஐந்துக்கு நாலு. கோர்ட்டு ஒப்புக்கொண்டது. முத்திரையைத் திங்கட்கிழமை எடுக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன். நீ இல்லை. மரத்தடியில் பார்த்தேன், கோவில் வரைக்கும் போய்ப் பார்த்தேன், ரயிலடிக்கு ஓடினேன். வண்டி புறப்பட்டுவிட்டது. கோர்ட்டில் நீ திரும்பிப் போகும்போதுதான் பார்த்தேன், கொஞ்சம் வயதானவள்போல் இருந்தாய். கண்ணாடி போட்டிருக்கிறாய், எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கோர்ட்டில் நான் சொன்னது நேற்று மாலையே கடலூருக்குப் போய்விட்டதாம். நகையை நான் வாங்கியது புஷ்பமேரிக்கும் இத்தனை வருஷம் தெரியாது. அவள் அண்ணன் வந்து, "எங்க தங்கச்சி இப்போதைக்கு வராது" என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். கடை கிடைத்தது. வீடும் இருக்கிறது. உள்ளே யாரும் இல்லை.

ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போயிருக்கலாமே.

அண்ணன்

•

காரைக்கால்
1933 ஏப்ரல் 11

அண்ணனுக்கு,

பேச முடியாமல்தான் போனேன். சொல்கிறேன்.

உங்கள் பக்கம் கைதூக்க வேண்டும் என்று நினைத்து நான் வரவில்லை. நீங்கள் சொல்ல மாட்டீர்கள், கடைசி நேரத்தில் மழுப்புவீர்கள், அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் வந்தேன். பேரளத்தில் வண்டி மாறும்போதுகூட அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு ஓலை வாசித்த நாளில் கோவிலில் இருந்த முகங்கள் அங்கேயும் இருந்தன. உங்கள் சட்டைக் காலர் கசங்கியிருந்தது.

நீங்கள் எழுந்து, "என் தங்கச்சி நகைய வாங்கி வித்துட்டேன். வாங்கலன்னு சாமி முன்னால பொய் சொன்னேன்" என்றீர்கள். மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொல்ல வாயெடுத்து, ஒரு நிமிஷம் உங்களைப் பார்த்தார். நீங்கள் மறுபடியும் சொன்னீர்கள், முதல் தடவையை விடச் சத்தமாக. யாரோ சிரித்தார்கள்.

இராமதாஸ் எழுந்து, "அன்னைக்கு இல்லன்னா இவருக்கு லாபம், இன்னைக்கு உண்டுன்னாலும் இவருக்கு லாபம். ஒரு ஓட்டுக்காகச் சொல்றாரு" என்றார். நான் உங்களுக்கு எழுதிய அதே வார்த்தை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது.

அப்போது நீங்கள் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப அவ ஓட்ட எண்ண வேணாங்க. கடைய ஏலம் போடுங்க. கடன மட்டும் பட்டியல்ல வச்சிடுங்க. அத மட்டும் எடுத்துடாதீங்க" என்றீர்கள். வக்கீல் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார். நீங்கள் உட்காரவில்லை.

நீதிபதி பட்டியலைத் தன் பக்கம் இழுத்து ஒன்பதாவது வரியைப் படித்தார். பிறகு, இந்தக் கடன் பட்டியலில் இருக்கும், கடன் இருந்தால் அதற்கு ஓட்டும் உண்டு என்றார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து முன்னால் போனேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மொழிபெயர்ப்பாளர், "கடைய விடலாமா, ஏலமா?" என்றார். விடலாம் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. பழைய முகங்கள் எல்லாம் என்னிடம் பேச வந்தன. எட்டு வருஷம் என்னைப் பற்றிப் பேசியவர்கள். ஒரு பெண்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க அப்பவே நெனச்சோம்" என்றாள். கையை உதறிவிட்டு நேராக ரயிலடிக்கு நடந்தேன். உங்களிடம் பேசியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. திட்டியிருப்பேன், அல்லது அழுதிருப்பேன். இரண்டும் அந்த ஜனங்கள் முன்னால் வேண்டாம்.

வக்கீலுக்கு மீதிக் கூலியைத் தவறாமல் கொடுங்கள்.

அண்ணியின் கடலூர் விலாசத்தை எழுதுங்கள். நான் அவளுக்கு எழுத வேண்டும்.

ஆனந்தமேரி

•

புதுச்சேரி
1933 ஜூலை 1

ஆனந்தத்துக்கு,

இன்று முதல் தவணை. ஒன்பது பேருக்கும் அனுப்பிவிட்டேன். உன் பங்கு மாதம் ஒரு ரூபாய் பத்தணா எட்டுப் பை. மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன். கமிஷனை என் கையிலிருந்து போட்டேன். இராமதாஸுக்கு நேரில் கொண்டு போய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். பிறகு, "டயர் வேணும்னா ரொக்கத்துக்குக் குடுக்கறேன்" என்றார்.

இப்போது புது வண்டி விற்பதில்லை. பழுது பார்க்கும் வேலைதான். கன்னியப்பனோடு சேர்ந்து நானும் பஞ்சர் ஒட்டுகிறேன். கையெல்லாம் கரி.

புஷ்பமேரி போன வாரம் பிள்ளைகளோடு வந்துவிட்டாள். நீ அவளுக்கு என்ன எழுதினாய் என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்கிறாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. சோறு போடுகிறாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நிற்கிறாள். அது போதும் என்று இருக்கிறேன்.

பிப்ரவரியில் பயந்துகொண்டு எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

அண்ணன்
லூர்துநாதன்

•

காரைக்கால்
1933 ஜூலை 5

அண்ணனுக்கு,

மணியார்டர் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஆமாம் என்று எழுத நேற்றிலிருந்து பார்க்கிறேன், வரவில்லை. எட்டு வருஷத்தை ஒரு கடிதத்தில் எழுதி முடிக்க எனக்குத் தெரியவில்லை. பொய்யாக எழுதவும் இஷ்டமில்லை. இன்னும் நாற்பத்தேழு தவணை இருக்கிறது. அதற்குள் எப்போதாவது வந்தாலும் வரலாம்.

இந்த மாதம் பிரசவங்கள் குறைவு. சாயங்காலம் ஆறு மணிக்கே அறைக்கு வந்துவிடுகிறேன். அதன் பிறகு நேரம் போவதில்லை. அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. காலை வண்டியில் வந்தால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாலை வண்டிக்குத் திரும்பலாம். அந்தத் தவணையை நேரில் கொண்டு வந்து கொடுங்கள். மணியார்டர் கமிஷன் மிச்சமாகும்.

ரயில் கட்டணம் அதைப்போல எத்தனையோ மடங்கு என்று எனக்கும் தெரியும்.

தங்கை
ஆனந்தமேரி